எட்டயபுரத்தை எந்த எழுத்தில் தேடுவது

1904ல் எட்டயபுரம் சமஸ்தானத்து அச்சுக்கூடமான வித்யா விலாஸினியிலிருந்து சுப்பராம தீக்ஷிதரின் ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ வெளிவந்தது. ஏறக்குறைய 1,700 பக்கம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகள் பெரிய அளவில் ஸ்வரக் குறிப்போடு எழுத்தில் நிலைபெற்றது இந்தப் புஸ்தகத்தில்தான். கமகங்களுக்கென்று தனிக் குறிகளை உண்டாக்கி, அவற்றையும் அச்சில் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் சங்கீதத்தை ஐரோப்பிய முறையில் எழுதிவைக்கப் பாடுபட்ட சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர் விடாமல் வற்புறுத்தியிராவிட்டால், அரண்மனையும் இசைந்திராவிட்டால், இது நடந்திருக்காது. ரயில் எட்டிப்பார்க்காத ஒரு கரிசல் ஊரில் நடந்த காரியம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் புஸ்தகம் தெலுங்கு லிபியில் இருக்கிறது. பாளையத்தை ஆண்டவர்கள் தெலுங்கு பேசியவர்கள். சங்கீதத்தின் சபைமொழியும் அன்று தெலுங்கு. ஆகவே நூலக ஜாபிதாக்களில் இது தெலுங்குப் பகுதிக்குப் போய்விடுகிறது. இதன் அனுபந்தத்தில் எட்டயபுரத்துக் கடிகை மூக்குப் புலவரின் தமிழ்ப் பாடல்கள் சில இருக்கின்றன, அவையும் தெலுங்கு எழுத்தில். தமிழ்ப் பாடல் தேடுகிறவன் தெலுங்கு அலமாரிக்குப் போகமாட்டான். தெலுங்கு அலமாரிக்குப் போகிறவனுக்கு அந்தப் பாடல்கள் தேவையில்லை. இதைவிட விசித்திரம், எட்டயபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. ஊரில் அச்சான புஸ்தகத்தை ஊரே படிக்க முடியாத நிலை. 1961லிருந்து சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் பாகம் பாகமாக வெளியிட்டது. அதற்கும் பிறகு சங்கீத ஆர்வலர் சிலர் ஆங்கில எழுத்தில் பெயர்த்து இணையத்தில் ஏற்றினார்கள். புஸ்தகம் எங்கும் தொலையவில்லை. அது ஒரு வாசகன் கைக்கு வந்து சேர்வதற்கு ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மெனக்கெட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இதை இங்கே எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நூலகங்களும் காட்சிச்சாலைகளும் ஆவணக் காப்பகங்களும் தம்மிடமுள்ளதைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் காரியம் இன்று மும்முரமாக நடக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 1994ல் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரத்திலிருந்து உருவான நூலகம், 2017ல் தமிழ் இணையக் கல்விக்கழகம் திறந்த மின்னூலகம் என்று நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவை பல. ஆனால் இந்தக் காரியத்தைப் பற்றிய பேச்செல்லாம் எத்தனை லட்சம் பக்கம் ஏறியது என்ற கணக்கிலேயே நின்றுவிடுகிறது. ஏற்றிய பக்கம் யார் கையில் அகப்படும், எந்தச் சொல்லைக் கொண்டு அகப்படும் என்று கேட்பவர் குறைவு. இந்தக் கேள்வியைத் தொழில்நுட்பக்காரர்களின் சில்லறை விவகாரம் என்று இலக்கியக்காரர்கள் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாளைக்கு எழுதப்படும் சரித்திரம் அகப்பட்டதை வைத்துத்தான் எழுதப்படும். அகப்படாதது இல்லாதது என்றே கொள்ளப்படும்.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். எட்டயபுரம், எட்டையபுரம், எட்டயாபுரம். புலவர்கள் வாயில் இளசை. ஆங்கிலப் பதிவுகளில் எட்டியாபுரம் என்று ஒலிக்கும்படி எழுதியவை நிறைய. இவற்றில் ஒன்றைத் தட்டினால் மற்றவற்றின் கீழ் இருப்பது வராது. பழைய காகிதங்களெல்லாம் ஊரைத் திருநெல்வேலி ஜில்லாவில் வைக்கின்றன. 1986லிருந்து ஊர் தூத்துக்குடிப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் என்று வடிகட்டித் தேடும் மாணவனுக்கு 1917ல் பேட் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியர் கண்ணில் படப்போவதில்லை. இதற்கெல்லாம் மேலே தமிழின் சொந்தக் குணம் ஒன்று உண்டு: ‘எட்டயபுரம்’ வேற்றுமை ஏற்றால் ‘எட்டயபுரத்தில்’, ‘எட்டயபுரத்துக்கு’ ஆகிவிடுகிறது. மகர மெய்யோடு தேடினால் மகர மெய் போன இடங்கள் தப்பிவிடும். இங்கிலீஷை மனதில் வைத்துச் செய்த தேடல் முறைகளுக்கு இது எளிதில் புரிவதில்லை.

‘எட்டப்பன்’ என்று தேடினாலோ கதையே வேறு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மு தூக்கிலிடப்பட்டதும், 1959ல் வந்த சினிமாவும், அரசியல் மேடைகளும் சேர்ந்து அந்தப் பட்டப்பெயரை வசைச்சொல்லாக்கிவிட்டன. ஆகவே முதலில் வருவது வசைதான். 1879ல் சுவாமி தீக்ஷிதர் எழுதிய ‘வம்சமணி தீபிகை’ என்ற அரண்மனை வரலாறு அந்த வசைகளுக்கெல்லாம் அடியில் எங்கோ கிடக்கும். அதை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தர விரும்புவதாக 1919ல் பாரதி ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதினார், காரியம் நடக்கவில்லை. துரோகமா ராஜதந்திரமா என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. தீர்ப்பு சொல்கிறவன் இரு தரப்புக் காகிதங்களையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தரப்பின் காகிதம் பெயர் காரணமாகவே மறைந்துகிடக்கிறது என்பதுதான் என் முறையீடு.

பாங்கில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இது தினசரி விவகாரம். பாஸ் புத்தகத்தில் சுப்பையா, ஆதாரில் சுப்பய்யா, பட்டாவில் தகப்பன் பெயரோடு சேர்ந்த வேறொரு சுப்பையா. மூன்றும் ஒரே ஆள் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ‘இருவரும் ஒருவரே’ என்று தாசில்தாரிடம் எழுதி வாங்கி வரச் சொல்கிறோம். நூலக அட்டவணைக்காரர்களும் வெகுகாலமாக இதைத்தான் செய்துவருகிறார்கள். ஒரு ஆசிரியருக்கு ஒரு பெயரை நிலையாக வைத்து, அவருடைய மற்றப் பெயர்களையும் எழுத்து வேறுபாடுகளையும் அதன்கீழ் கட்டிவைக்கும் முறை அது. 2012ல் தொடங்கிய விக்கித்தரவு இன்னும் ஒரு படி மேலே போய், ஆளுக்கும் ஊருக்கும் நூலுக்கும் ஒரு எண் கொடுத்து, எந்த மொழியில் எப்படி எழுதினாலும் அந்த எண்ணில் வந்து முட்டும்படி செய்கிறது. உமறு, உமரு, உமர் மூவரும் சீறாப்புராணம் பாடி எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிற ஒரே புலவர்தான் என்று அந்த எண்ணுக்கு யாராவது ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். சொல்ல வேண்டியவன் தமிழ் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள ஒரே நிபந்தனை.

தமிழ் தெரியாமலே தமிழை அட்டவணைப்படுத்திய சரித்திரமும் நமக்கு உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். அதற்காக முன்னோடிகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1865ல் பாதிரி ஜான் மர்டாக் அச்சான தமிழ்ப் புஸ்தகங்களுக்கு வகைப்படுத்திய அட்டவணை போட்டார். 1867ன் 25ஆவது சட்டம் அச்சாகும் ஒவ்வொரு நூலையும் பதியச் சொன்னது. சர்க்காரின் நோக்கம் கண்காணிப்பு. ஆனால் அந்தப் பதிவுகளால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்ன அச்சானது என்று இன்று நமக்குத் தெரிகிறது. 1909ல் பார்னெட்டும் போப்பும் பிரிட்டிஷ் மியூசியத்துத் தமிழ் நூல்களுக்கு அட்டவணை கொண்டுவந்தார்கள். சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931ல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த ஒரு விதியை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் நமது மின்னூலகங்கள் பலவற்றின் நிலை தெரிந்துவிடும்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி தமிழை ரோமன் எழுத்தில் பெயர்ப்பதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. தமிழில் ஒரே ‘ப’ ஆகையால் ரோமனிலும் ஒரே எழுத்து. பாரதி என்ற பெயர் பேப்பருக்குரிய எழுத்தில் தொடங்கும், பம்பாய்க்குரிய எழுத்தில் அல்ல. இலக்கண சுத்தமான முறைதான். ஆனால் பாரதி தம் கையெழுத்தை ஆங்கிலத்தில் அப்படிப் போட்டதில்லை, நாமும் போடுவதில்லை. உலக நூலகங்களிலுள்ள தமிழ்ப் புஸ்தகங்களில் பெரும்பகுதி, தமிழர்கள் கனவிலும் தட்டாத எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கிறது. தமிழ் எழுத்தையே பதிவில் பக்கத்தில் வைக்கும் வழக்கம் பிற்பாடு வந்தது. அதற்கு முந்தியவை அப்படியே கிடக்கின்றன. இந்திய மின்னூலகத் திட்டத்தில் படமெடுத்த புஸ்தகங்களோ இன்னும் மோசம். அவசரமாக, மொழி தெரியாதவர்களும் தட்டிய தலைப்புகள் அவை. திட்டத்தின் வாசல் மூடிய பிறகு அந்தப் படங்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. தலைப்புப் பிழைகளும் கூடவே தங்கிவிட்டன.

நம்முடைய பங்குக்கும் கேடு செய்துகொண்டோம். ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம் பெற்றுவிட்டது; 1999 மாநாட்டில் டாம், டாப் என்று நாம் வேறு இரண்டு முறைகளை நிர்ணயித்தோம்; தமிழக அரசு யூனிகோடை முறையாக ஏற்றது 2010ல். இடையே ஏற்றியவற்றில் எவ்வளவோ தேடுபொறிக்கு வெறும் குப்பை. இன்று படத்திலுள்ள எழுத்தை இயந்திரம் ஓரளவு நன்றாகவே படிக்கிறது, ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய யானைக்கொம்பு ‘லை’யிலும் ‘னை’யிலும் தடுமாறுகிறது.

இயந்திரம் சரியாகப் படித்தாலும் தீராதது ஒன்று இருக்கிறது. பாரதி பத்திரிகைகளில் எழுதியதில் பல கையெழுத்து இல்லாதவை, பல காளிதாஸன், ஷெல்லிதாஸ், சக்திதாஸன் என்ற பெயர்களில் வந்தவை. ‘பாரதி’ என்று தேடினால் அவை எப்படி வரும்? பெ. தூரன் ‘சுதேசமித்திரன்’ பக்கங்களைப் புரட்டி 1953ல் ‘பாரதி தமிழ்’ கொண்டுவந்தார். எட்டயபுரத்துக்காரரான இளசை மணியன் ‘இந்தியா’வின் பக்கங்களிலிருந்து 1970களில் ‘பாரதி தரிசனம்’ தொகுத்தார். 2008ல் ஆ. இரா. வேங்கடாசலபதி, பாரதி ‘ஹிந்து’வுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். ஆசிரியரின் நடையும் காலமும் மனதில் ஊறிய ஒருவர் பக்கத்தின் முன் உட்கார்ந்து, இது இவருடையது, இது இல்லை என்று தீர்மானித்த காரியங்கள் இவை. அந்தத் தீர்மானம் புஸ்தகத்தின் முன்னுரையில் இருக்கிறது. படமெடுத்த பத்திரிகையின் பதிவில் பெரும்பாலும் ஏறுவது தலைப்பும் ஆண்டும் மட்டும். சிறுபத்திரிகைகளுக்கும் இதே கதிதான். ‘எழுத்து’ என்ற பெயரைத் தேடினால் உலகத்திலுள்ள எழுத்தெல்லாம் வரும், செல்லப்பாவின் பத்திரிகையைத் தவிர. வந்தாலும் எந்த இதழில் யார் கவிதை என்பது இதழைத் திறந்தால்தான் உண்டு.

காட்சிச்சாலைப் பொருள்கள் விஷயத்தில் இதுவே வேறு உருவில் வருகிறது. ஒரு கூனையின் படம் ‘வேளாண் கருவி, உலோகம்’ என்ற சீட்டோடு ஏறினால் யாருக்கு என்ன பயன்? கமலை இறைத்துப் பழகிய கிழவர் அதைக் கூனை என்பார்; பேரன் கைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டினால் ஒன்றும் வராது. 1982ல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தபோது அதை இலக்கிய விசித்திரமாகப் பார்த்தவர்கள் உண்டு. காட்சிச்சாலைக்காரர்கள் தம் மேஜைமேல் வைத்துக்கொள்ள வேண்டிய புஸ்தகம் அது என்று எனக்குப் படுகிறது.

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் ‘ட்ரோவ்’ என்ற தளத்தில் பழைய தினசரிகளை ஏற்றி, இயந்திரம் தப்பாகப் படித்த வரிகளைத் திருத்த வாசகர்களையே அனுமதித்தது. ஜனங்கள் தம் ஊர்ப் பெயரையும் தாத்தா பெயரையும் தேடப்போய், வழியில் கண்ட பிழைகளையெல்லாம் திருத்தினார்கள். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களை வைத்து இதே வேலை சம்பளமில்லாமல் நடக்கிறது. ஸ்தாபனங்கள் தம் பதிவுகளைப் பூட்டிவைக்காமல் இருந்தால் போதும், வேலை செய்ய ஆள் இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி. நம் ஸ்தாபனங்களுக்குப் பிழையை ஒப்புக்கொள்வதைவிடப் பதிவைப் பூட்டிவைப்பது சௌகரியமாக இருக்கிறது.

தொ.மு.சி. ரகுநாதன் தம் வாழ்நாள் சேகரத்தைச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பாமல் எட்டயபுரத்துக்குக் கொடுத்தார். ‘பாரதி: காலமும் கருத்தும்’ எழுதியவர் எதையெல்லாம் படித்துவிட்டு எழுதினார் என்பதற்குச் சாட்சி அந்தப் புஸ்தகங்கள்தான். இப்படிப்பட்ட சேகரத்துக்குக் காமிரா வருவதற்கு முன்னால் வர வேண்டியவர், இதழைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, உள்ளே யார் எந்தப் புனைபெயரில் என்ன எழுதியிருக்கிறார், எந்த ஊர் பேசப்படுகிறது, அந்த ஊருக்கு அன்று என்ன பெயர் என்று எழுதிவைக்கிற ஒருவர். சம்பளம் அதிகம் வேண்டாம். தமிழும், கொஞ்சம் இங்கிலீஷும், எட்டயபுரத்தைப் பொறுத்தவரை தெலுங்கு எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும்.