சுகர் மாத்திரையும் அப்பாவின் சந்தேகமும்

2013 ஜூன் மாசம். ஸ்ரீரங்கத்திலிருந்து அப்பா போன் பண்ணினார். "ஏண்டா, நான் சாப்பிடற சுகர் மாத்திரையைத் தடை பண்ணிட்டாளாமே?"

பயோகிளிட்டசோன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம் என்ற சந்தேகத்தில் மத்திய அரசு அதை நிறுத்தியிருந்தது. ஜூலை கடைசியில் தடை நீங்கியது. எச்சரிக்கை அச்சிட்டு விற்கலாம் என்றார்கள். அதற்குள் அப்பா எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிட்டு பாகற்காய் ஜூஸுக்கு மாறியிருந்தார். நான் ஊருக்குப் போனபோது காலில் புண். திருச்சியில் டாக்டரிடம் காட்டினோம். வெறும் வயிற்றில் சுகர் 290. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்பா சந்தேகப்பட்டது தப்பா? இல்லை என்றுதான் வரலாறு சொல்கிறது.

இதே குடும்பத்து டிராகிளிட்டசோன் அமெரிக்காவில் 1997-இல் வந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் 2000-இல் போனது. அடுத்து ரோசிகிளிட்டசோன். சுகரை நன்றாகவே குறைத்தது. 2007-இல் ஸ்டீவன் நிஸ்ஸனும் கேத்தி வோல்ஸ்கியும் 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்: மாரடைப்பு அபாயம் 43 சதவீதம் கூடுதல். இந்தியா 2010-இல் அதைத் தடை செய்தது. ஆனால் 2013 கடைசியில், மறுபரிசீலனைக்குப் பிறகு அமெரிக்கா தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஆக, சந்தேகத்தையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது!

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டெஸ்ட் பாஸ்தான். ஆனால் டெஸ்ட் பண்ணியதே வேறு ஒன்றை. சுகர் எண் இறங்குவது ஒன்று, ஆள் பிழைப்பது இன்னொன்று.

இந்தச் சர்ச்சையால் நல்லதும் நடந்தது. புதிய சுகர் மருந்துகள் இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்று நிரூபிக்க வேண்டும் என 2008-இல் அமெரிக்க எஃப்டிஏ கேட்டது. அப்படி நடந்த ஆய்வுகளில் ஒன்று 2015-இல் வெளிவந்தது. மருந்து எம்பாகிளிஃப்ளோசின், ஏற்கெனவே இதய நோய் உள்ள சுமார் 7,000 சுகர்க்காரர்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 5.9 சதவீதம் பேர் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 3.7 சதவீதம். கெடுதல் இருக்கிறதா என்று தேடப்போய் நன்மை தெரியவந்தது.

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "நம்பலாமாடா?"

எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை வருஷம் பார்த்தார்கள், குறைந்தது சுகர் மட்டுமா, மாரடைப்புமா? இதை டாக்டரிடமே கேள் என்றேன். பதில் வரும்வரை இப்போதைய மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.

அப்பா கேட்டது சரியான கேள்விதான். பதிலுக்குக் காத்திருக்காததுதான் தப்பு.