டெஸ்டர் இல்லாத போத்தல்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தலைப்பைப் பார்த்துவிட்டு "இது பொம்பளைகள்ட விஷயம்" என்று தாண்டிப் போகப் பார்க்கும் சகோதரர்களும் ஒருதரம் நின்று வாசியுங்கள். பாதிக்கு மேல் வரலாறுதான்.

போன கிழமை ராத்தாவின் மகளோடு கொழும்புக்குப் போனேன். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். சாமான் பட்டியலில் கடைசியாக இருந்தது பவுண்டேஷன். கடையின் பெயர் வேண்டாம். கண்ணாடியும் வெளிச்சமுமாக இருக்கிற, வாசலிலேயே வாசம் அடிக்கிற கடை. கவுண்டரில் நின்ற பிள்ளை மருமகளின் முகத்தை ஒருதரம் பார்த்தது. பிறகு டெஸ்டர் போத்தல் ஒன்றை எடுத்து அவளது புறங்கையில் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்தது. அவளது நிறத்தைவிட இரண்டு மூன்று படி வெளுப்பு.

"மிஸ், இதப் போட்டா போட்டோவுல நல்ல வெள்ளையா தெரிவீங்க."

மருமகள் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நிறம். பெண் பார்க்க வந்த இடத்திலும் அந்தக் கதை வந்து போனது, அது வேறு விஷயம். "என்ட கலர்ல இல்லையா?" என்று கேட்டாள். இருந்ததாம். ஆனால் தட்டில் இல்லை. கீழே லாச்சியில், பெட்டி பிரிக்காமல். "அதுக்கு டெஸ்டர் வர்றல்ல மிஸ். வாங்கிறதெண்டா திறந்து தரலாம்."

அந்த ஒரு வசனம் வீடு வரும்வரை என் காதில் நின்றது. வரலாறு படிப்பிக்கிறவளுக்கு இப்படி ஒரு வியாதி இருக்கிறது. எதைக் கேட்டாலும் "இது எப்போது தொடங்கியது?" என்று தோன்றும்.

வாங்குமுன் தொட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பள்ளிவாசல் அருகே அத்தர் விற்கிறவரை நினைத்துப் பாருங்கள். நாம் கேட்காமலே சின்னக் குப்பியைத் திறந்து கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். வாங்காவிட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் ஊரின் பழைய பேன்சிக் கடைகளில் கதை வேறு. பவுடரும் கண்மையும் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும். விரல் நீட்டிக் காட்டவேண்டும், கடைக்காரர் எடுத்துத் தருவார். "வாங்கிறதா, சும்மா பாக்கிறதா?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

நூறு வருடத்துக்கு முந்திய லண்டனின் பெரிய கடைகளும் ஏறக்குறைய அப்படித்தான். சாமான் பெரும்பாலும் உள்ளே, வாடிக்கையாளர் வெளியே, நடுவில் ஒரு மேசை. 1909 மார்ச் 15ஆம் திகதி ஒக்ஸ்போர்ட் வீதியில் ஹாரி கோர்டன் செல்ஃப்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் திறந்த கடை அந்த வழக்கத்தோடு மோதியது. சாமான்களை மேசைக்கு இந்தப்பக்கம், கைக்கு எட்டும்படி வைத்தார். சும்மா சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று சொல்லியே கூப்பிட்டார். அடுத்த வருடம் வாசனைத் திரவியங்களையும் அழகு சாதனங்களையும் கீழ்மாடியில், வாசலுக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். பூச்சுப் பூசுகிற பெண்ணைப் பற்றி ஊர் ஒரு மாதிரிப் பேசிய காலம் அது. மறைத்து வாங்கிய சாமான் வாசலுக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் பெரிய கடைகளுக்குள் நுழைந்தவுடன் முதலில் அந்த வாசம்தான் வருகிறது.

பிறகு நியூயோர்க்கில் எஸ்டே லோடர். சிகையலங்கார நிலையங்களில் தலைமுடி காயும்வரை உட்கார்ந்திருந்த பெண்களின் கையிலும் முகத்திலும் தன் கிரீமைத் தானே தடவிக் காட்டி விற்ற பெண். 1946இல் கணவரோடு கம்பனி தொடங்கிய பிறகும் அந்த வழியை அவர் விடவில்லை. தொட்டுக் காட்டு, கொஞ்சம் இலவசமாகக் கொடுத்தனுப்பு, திரும்பி வருவாள் என்பதுதான் அவரது கணக்கு. நம்ம அத்தர் வியாபாரி கேட்டால் சிரிப்பார்.

ஆனால் தொட்டுப் பார்க்க எல்லாரையும் விட்டார்களா?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதே காலத்தில் கறுப்பினப் பெண்கள் பல கடைகளில் தொப்பி வாங்கலாம், தலையில் வைத்துப் பார்க்க முடியாது. உடுப்பு வாங்கலாம், போட்டுப் பார்க்க முடியாது. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கப் போகிற தாய் வீட்டிலேயே கடதாசியில் பிள்ளையின் பாதத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து எடுத்துப்போவாள். அவர்களின் தோல் பட்ட சாமானை வெள்ளைக்காரி வாங்கமாட்டாள் என்பது கடைக்காரரின் நியாயம். காசு மட்டும் தீட்டில்லை.

1960 பெப்ரவரி 1ஆம் திகதி வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வர்த் கடைக்குள் போய் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். காசு எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதே கடையின் உணவுக் கவுண்டரில் உட்கார்ந்தார்கள், தரமுடியாது என்றார்கள். அந்தக் கவுண்டரில் காசு செல்லும், இந்தக் கவுண்டரில் ஆள் செல்லாது. அவர்கள் எழும்பவில்லை. இதை அமெரிக்க வரலாறு படித்த எவரும் சொல்வார்கள்.

அவ்வளவாகப் பேசப்படாதது 1963 மே மாதத்து பேர்மிங்ஹாம் உடன்பாடு. மார்ட்டின் லூதர் கிங் முன்நின்ற போராட்டம். பிள்ளைகளின் மேல் நாய்களை ஏவியதும், தண்ணீர்க் குழாயால் அடித்ததும் அங்கேதான். அவ்வளவும் முடிந்து எழுதப்பட்ட உடன்பாட்டில், நகரத்துக் கடைகளின் உடை மாற்றிப் பார்க்கும் அறைகளை எல்லாருக்கும் பொதுவாக்குவதும் ஒன்று. அதுவும் மூன்றே நாளுக்குள். கழிவறைக்குக் கூட முப்பது நாளும், உணவுக் கவுண்டருக்கு அறுபது நாளும் அவகாசம் இருந்தது. ஒரு சட்டையைப் போட்டுப் பார்க்கும் உரிமைக்காகவும் பிள்ளைகள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். தரம் 11 பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது பின் வாங்கில் இருந்து ஒருவன், "டீச்சர், சட்டை போட்டுப் பாக்கவா?" என்று இரண்டு தரம் கேட்டான்.

கதவு திறந்தது. ஆனால் அழகு சாதனக் கவுண்டரில் அவர்களின் நிறத்துக்கு அப்போதும் சாமான் அரிதாகவே இருந்தது. சிக்காகோவில் 'எபனி' சஞ்சிகையை நடத்திய ஜோன்சன் தம்பதியர் 1958 முதல் ஊர் ஊராக ஆடை அலங்காரக் காட்சி நடத்திவந்தார்கள். மேடைக்குப் பின்னால் கறுப்பினப் பெண்கள் இரண்டு மூன்று போத்தல்களைக் குழைத்துத் தங்கள் நிறத்தைத் தாங்களே உண்டாக்குவதை யூனிஸ் ஜோன்சன் பார்த்திருக்கிறார். நம்ம சாச்சிமார் பவுடரோடு மஞ்சள் கலந்த கதைதான். பெரிய கம்பனிகளிடம் போய், இவர்களுக்கும் செய்யுங்கள் என்று கேட்டார்கள். இவர்கள் வாங்குவார்கள் என்று அந்தக் கம்பனிகள் நம்பவில்லை. 1973இல் 'ஃபேஷன் ஃபெயார்' என்று தாங்களே தொடங்கி, பெரிய கடைகளின் கீழ்மாடியில் தங்களுக்கென்று கவுண்டர் வாங்கினார்கள். பத்து வருடத்துக்கு முன் தொப்பியைத் தலையில் வைக்க விடாத நாட்டில், ஒரு கறுப்பினப் பெண் உயரக் கதிரையில் உட்கார்ந்து, தன் நிறத்தைத் தன் முகத்தில் பூசிப் பார்க்கிறாள். அந்தக் காட்சியைத்தான் நான் மருமகளுக்குச் சொன்னேன்.

அதன் பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்ஸின் லிமோஜ் நகரத்து டொமினிக் மண்டொனோ, விற்பனையாளரே இல்லாமல் தாங்களாக எடுத்துப் பூசிப் பார்க்கும் கடை முறையை வளர்த்தார். இன்றைய செஃபோரா அதிலிருந்து வந்தது. 2017இல் பாடகி ரிஹானா ஒரே நேரத்தில் 40 நிறங்களில் பவுண்டேஷன் இறக்கினார். கடும் நிறங்கள்தான் கெதியாகத் தீர்ந்துபோயின என்று செய்திகள் வந்தன. வாங்கமாட்டார்கள் என்று சொன்ன கம்பனிக்காரர்களில் யாராவது அப்போது உயிரோடு இருந்தார்களோ தெரியாது. 2020இல் கொரோனா வந்து டெஸ்டர்களை எல்லாம் மேசையிலிருந்து எடுத்துவிட்டது.

கொரோனாவைச் சொன்னதால் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பொது லிப்ஸ்டிக் டெஸ்டரை உதட்டில் வைக்காதீர்கள், கண்மையைக் கண்ணில் இழுக்காதீர்கள். எத்தனை பேரின் வாயும் கண்ணும் பட்டதோ. கையில் பூசிப் பாருங்கள். பவுண்டேஷனை மட்டும் கையில் பார்த்துப் பயனில்லை, கையின் நிறம் வேறு முகத்தின் நிறம் வேறு. சுத்தமான பஞ்சில் எடுத்துத் தாடையோரம் பூசி, கடை லைட்டில் அல்ல, வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கடைக் கதைக்கு வருகிறேன். நான் வாயைத் திறக்க முதல் மருமகள் சொன்னாள், "நான் வாங்குவன். ஆனா திறந்து பூசிப் பாத்துட்டுத்தான். வெள்ளைக்கு அப்பிடித்தானே காட்டினீங்க?"

கவுண்டர் பிள்ளை கொஞ்சம் யோசித்தது. அதுவும் மருமகளின் நிறம்தான், முகம் மட்டும் வெளுப்பாகப் பூசியிருந்தது. உள்ளே போய் மேலாளரிடம் ஏதோ சிங்களத்தில் கதைத்துவிட்டு வந்து, பெட்டியைப் பிரித்தது. பஞ்சில் ஒரு துளி எடுத்துக் கொடுத்தது. இரண்டு பேருமாக வாசலுக்கு வந்து நடைபாதையில் நின்றோம். நடுப்பகல் வெயில். தாடையில் பூசிய இடம் எது என்று நான் தேடவேண்டியிருந்தது.

"எங்க சாச்சி, தெரியுதா?"

"இல்ல புள்ள, தெரியல்ல."

உள்ளே போய்க் காசு கட்டினோம். திறந்த போத்தல் எங்களுக்கு. போகும்போது அவள் கேட்டாள், இன்னொரு பெட்டி இருந்தால் டெஸ்டருக்கு வையுங்கள் என்று. பார்க்கிறேன் மிஸ் என்று அந்தப் பிள்ளை சொன்னது. அடுத்த மாதம் கொழும்புப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் இன்பொக்ஸில் வாருங்கள், கடையைச் சொல்கிறேன். மேசையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.