டான்டீ: காட்டுக்குத் திரும்பும் நிலம், கணக்கில் வராத மக்கள்

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழருக்கு வேலை தருவதற்காக, 1968இல் தமிழக வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. இவர்களில் கணிசமானோர் தலித்துகள். நீலகிரியிலும் வால்பாறையிலும் காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியது இவர்களது உழைப்பே. 1976இல் அத்திட்டம் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நிலமோ வனத்துறையின் குத்தகை நிலமாகவே நீடித்தது.

நட்டத்தைக் காரணம் காட்டி, 2022இல் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட தோட்டத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. கோப்புகளில் இது வெறும் நிலமாற்றம். தொழிலாளர்க்கோ வேலையும், வேலையோடு பிணைந்த குடியிருப்பும் ஒருசேரப் பறிபோகும் ஆபத்து.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் இவர்களுக்குக் கைகொடுக்காது. பழங்குடியினர் அல்லாதோர் 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வனத்தைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். 1964க்குப் பின் வந்தவர்கள் அதனை எவ்வாறு மெய்ப்பிக்க இயலும்? ஆகவே, நிலம் கைமாறும் முன்னரே வீட்டுரிமையும் மாற்று வேலையும் தனி அரசாணையால் உறுதிசெய்யப்பட வேண்டும்.