பியர் கிந்த் நாடக இசை

ஹென்ரிக் இப்சனின் 'பியர் கிந்த்' (1867) என்னும் கவிதை நாடகத்துக்கு எட்வர்ட் கிரீக் அமைத்த துணையிசை. படிப்பதற்கென எழுதியதை மேடையேற்ற விரும்பிய இப்சன், 1874இல் கிரீக்கிடம் இசை கேட்டார். 1876 பிப்ரவரி 24 அன்று கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், அரங்கேறியது. மலைப்பூத அரசன் மண்டபத்துக்கான இசை கிரீக்குக்கே பிடிக்கவில்லை. பெரும்புகழ் பெற்றதோ அதுதான். 'காலை' என்ற பகுதியைக் கேட்பவர் நார்வே மலைகளை நினைப்பார்கள். நாடகத்தில் அது விடிவது மொராக்கோவில். கிரீக் இதிலிருந்து தொகுத்த இரு கச்சேரித் தொகுப்புகளால், நாடகம் அறியாதவர்களிடமும் இசை தனித்தே சென்றது. ஒஸ்லோவின் லோரன் பகுதியில், இதே நாடகக் காட்சிகளைச் சித்திரிக்கும் சிற்பப் பூங்கா 2006இல் திறக்கப்பட்டது.