பாஹய் நா பாத்தோ

பாஹய் நா பாத்தோ (கல் வீடு) என்பது ஸ்பானியர் ஆட்சியின்போது பிலிப்பைன்ஸில் உருவான குடும்ப வீட்டு வகை. கீழ்த்தளம் கல்லாலும் மேல்தளம் மரத்தாலும் ஆனது. அந்நாட்டில் இன்று மூதாதையர் வீடு என்று போற்றப்படுபவற்றுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. விகான், தாஆல், கார்கார் ஆகிய ஊர்கள் இவற்றுக்குப் பெயர்பெற்றவை.

தோற்றம்

இதன் முன்னோடி பாஹய் கூபோ எனும் மூங்கில் வீடு. மரக்கால்கள்மேல் உயர்ந்து நின்ற அவ்வீட்டுக்கு நிப்பா ஓலைக் கூரை. அடியில் கோழி வளர்த்ததையும் நெல் குத்தியதையும் ஸ்பானிய அதிகாரி அந்தோனியோ தெ மோர்கா 1609இல் வெளியான நூலில் குறித்துள்ளார். 1571இல் ஸ்பானியர் வசமான மணிலா 1583இல் தீக்கிரையானது. பின்னர் கல் கட்டுமானம் பரவியது. அதைக் கற்பித்தவர் இயேசு சபைத் துறவி அந்தோனியோ செதேனோ என்பது மரபு. 1645 நிலநடுக்கம் கல் மாளிகைகளை வீழ்த்தியதும், கல்லின்மேல் மரம் எனும் கலப்பு முறை நிலைபெற்றது. கூரையையும் மேல்தளத்தையும் தாங்குபவை பெரும்பாலும் மரத்தூண்களே. கற்சுவர் அவற்றைச் சூழ்ந்த உறை. எனவே இதைக் கல் போர்த்திய பழைய கால்வீடு என்பர் சிலர். ஸ்பானிய வீட்டின் உள்நாட்டு வடிவம் என்பர் வேறு சிலர். நகரும் சிப்பிச் சன்னல்களில் சீன, ஜப்பானியச் சாயல் காண்போரும் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளின் வீடுகளுள் எஞ்சியவை மிகச் சில.

19ஆம் நூற்றாண்டு

1834இல் மணிலா துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்கு முறைப்படி திறக்கப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. சர்க்கரையும் அபாக்கா நாரும் ஈட்டித்தந்த செல்வத்தில் உள்நாட்டு, சீனக் கலப்புக் குடும்பங்கள் பெரிய வீடுகள் எழுப்பின. ஹோசே ரிசாலின் ‘நோலி மே தாங்கெரே’ நாவல் (1887) மணிலாவின் பினொண்டோவிலுள்ள அத்தகைய வீடொன்றின் விருந்தோடு தொடங்குகிறது. ஒளிப்படங்களும் பயணக் குறிப்புகளும் இக்காலத்தில் மிகுதி.

கீழ்த்தளம் ‘சகுவான்’. குதிரை வண்டிகள், தானிய மூட்டைகள், பவனிக்குரிய புனிதர் தேர் ஆகியவை அங்கே இருக்கும். மக்கள் வாழ்ந்தது மேலே. ஏறும்போது படிகளை ‘ஓரோ, ப்ளாத்தா, மாத்தா’ (பொன், வெள்ளி, சாவு) என்று எண்ணிக்கொண்டே வருவர். கடைசிப் படி சாவில் முடியாதபடி கட்டுவது வழக்கம். படி முடியும் ‘காயிதா’ கூடத்தில் அன்றாடம் வருவோர் அமர்வர். மதிப்புக்குரிய விருந்தினர் மட்டுமே ‘சாலா’வுக்குள் அழைக்கப்பட்டனர்.

நார்ரா மரப்பலகைத் தரையை அரம்போல் சொரசொரப்பான இசிஸ் இலையால் தேய்த்து, வாழையிலையால் மெருகேற்றினர். பாதியாய் வெட்டிய தேங்காய் மட்டையை ஒரு காலால் மிதித்து முன்னும் பின்னும் தேய்ப்பதும் உண்டு. வீட்டு வேலைகளில் சிறுவர்கள் விளையாட்டாய்ச் செய்தது இது ஒன்றே போலும். சன்னல் சட்டங்களில் கண்ணாடிக்குப் பதில் கப்பீஸ் சிப்பித் துண்டுகள் பதித்திருக்கும். வெயில் அவற்றினூடே பால்நிறமாய் உள்ளே வரும். அவற்றின் கீழிருந்த ‘வெந்தனில்யா’ எனும் அழியிட்ட திறப்பு தரைவரை காற்றைக் கொணர்ந்தது. பெரியவர்கள் சன்னல் திண்டில் சாய்ந்து பவனி பார்க்க, குழந்தைகள் தரையில் அமர்ந்தே அந்த அழிவழியாகப் பார்த்தனர்.

தீக்கு அஞ்சிச் சமையலறையைப் பின்புறம் ஒதுக்கினர். அதன் சன்னலுக்கு வெளியே நீட்டிய ‘பங்கெராகான்’ மரச்சட்டத்தில் கழுவிய பாத்திரங்கள் காயும். ஒட்டியுள்ள திறந்த மாடமான ‘அசோத்தேயா’வில் துணி துவைப்பர், பூந்தொட்டிகளும் இருக்கும். கூரைநீர் ‘அல்ஹிபே’ தொட்டியில் சேரும். மாலை மணி ஒலித்ததும் குடும்பம் செபத்துக்குக் கூடும். முடிந்தபின் இளையோர் ‘மானோ போ’ என்று மூத்தோரின் புறங்கையை நெற்றியில் ஒற்றிக்கொள்வர். வசதிபடைத்தோர் சீனத் தச்சர் ஆ தாய் பாணிக் கட்டிலில் உறங்கினர், பணியாளர்க்குப் பாய். சாலாவைப் பற்றிப் பக்கம்பக்கமாய் எழுதிய நூல்கள் சமையலறைப் பெண்களைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன.

பிற்காலம்

1863, 1880 நிலநடுக்கங்களுக்குப்பின் ஓட்டுக்கூரைகள் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளுக்கு இடம்கொடுத்தன. அமெரிக்கர் ஆட்சியில் கான்கிரீட்டும் ‘சாலே’ பாணிச் சிறுவீடுகளும் பரவின. 1945 மணிலாப் போரில் இன்ட்ராமுரோஸ் கோட்டைநகரம் ஏறத்தாழ முழுதும் அழிந்தது. வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுச்சொத்தாகும் மரபால் சில தலைமுறைகளில் உரிமையாளர் பெருகி, பழுதுபார்க்கவோ விற்கவோ உடன்பாடு எட்டாது பல வீடுகள் சிதைந்தன.

விகான் 1999இல் யுனெஸ்கோ உலக மரபுக்களமானது. தேசியப் பண்பாட்டு மரபுச் சட்டம் 2010இல் கையெழுத்தானது. பழைய வீடுகளைப் பிரித்து பத்தான் மாகாணத்தின் பகாக்கில் மறுபடி எழுப்பியதைக் காப்பாற்றல் என்பாரும் வேரறுத்தல் என்பாரும் உளர். 2022 ஜூலை நிலநடுக்கம் விகான் வீடுகளுக்குச் சேதம் விளைத்தது. செபுவின் கோரோர்தோ வீடு போல அருங்காட்சியகமானவை சில. விடுதியோ உணவகமோ ஆனவை வேறு சில.