அவ்வை சண்முகம்



ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், திறந்த வெளியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைப் பார்த்தவர்கள், சிதம்பரனாராக வந்த சிவாஜி கணேசனோடு, தொழுநோயால் வாடும் சுப்பிரமணிய சிவாவாக நடித்தவரையும் நினைவில் வைத்திருப்பார்கள். அவர்தாம் டி. கே. சண்முகம். திரைப்படங்களை மட்டும் கொண்டு அவரை அளந்தால் நாம் ஏமாந்து போவோம்.

1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர் அவர். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை, பெண் வேடம் புனைந்து பெயர் பெற்ற நடிகர். 1918இல், ஆறு வயதில், தமையன்மார் சங்கரன், முத்துசாமி ஆகியோருடன் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சேர்ந்தார். கிழவர் முதல் அரசி வரை எல்லா வேடங்களையும் சிறுவர்களே ஏற்கும் குழு அது. இத்தகைய சபைகளில் ஊர் ஊராகப் பயணம், விடிய விடிய நாடகம், பாடம் தவறினால் பிரம்படி என்றுதான் வாழ்க்கை. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்றுவரை கதாநாயகனாகப் பாடியவன் இன்று ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். எத்தனையோ சிறுவர்களின் கலை வாழ்வு அந்த வயதோடு முடிந்து போயிற்று.

சண்முகத்துக்காகச் சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் புகழ்பெற்ற செய்தி. 1922இல் சுவாமிகள் மறைந்தார். 1925இல் சகோதரர்கள் சொந்த சபை தொடங்கினார்கள். இளையவர் பகவதியையும் சேர்த்து 'டி. கே. எஸ். சகோதரர்கள்' என்று தமிழகம் அவர்களை அழைத்தது.

புராணக் கதைகளே பணம் தந்த நாளில் அவர்கள் சமூக நாடகங்களைத் துணிந்து நடத்தினார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நாவல் அவர்கள் மேடையில் நாடகமாகி, 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமும் ஆயிற்று. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார். 1941இல் 'குமாஸ்தாவின் பெண்' மேடையிலிருந்து திரைக்கு வந்தது. அதை இயக்கிய பி. என். ராவ் பிற்காலத்தில் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்கள் எடுத்தவர். ஜொகூர் மக்களை இரவில் தனியே நடக்க அஞ்சவைத்த 1957ஆம் ஆண்டுப் பேய்ப்படம் 'பொந்தியானாக்' அவர் கைவண்ணந்தான்!

வானொலி நேயர்களாகிய நமக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. ஏ. எஸ். ஏ. சாமி எழுதிய 'பில்ஹணன்' முதலில் வானொலி நாடகமாக ஒலித்தது. பிறகுதான் சகோதரர்கள் அதை மேடையேற்றினார்கள். 1948இல் சண்முகமே கதாநாயகனாக நடிக்க, அது படமாயிற்று.

ஆயினும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது ஓர் மூதாட்டியின் பெயர். நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஆத்திசூடி வழியே அறியும் அதே அவ்வைதான். 1940களில் 'அவ்வையார்' நாடகத்தில் அந்த வேடம் ஏற்றபோது சண்முகத்துக்கு வயது முப்பதையொட்டித்தான். பொக்கை வாய் இயல்பாக அமைய வேண்டும் என்று தம் பற்களையே எடுத்துவிட்டார். இது கலைப்பித்தா, தவமா என்று கேட்டால், இரண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. இத்தனை செய்தும் 1953இல் ஜெமினி நிறுவனம் 'அவ்வையார்' படம் எடுத்தபோது, அவ்வையாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். உலகம் இன்று காணும் அவ்வை அவரே. சண்முகத்தின் அவ்வை, பார்த்தவர்களின் கண்களோடு போய்விட்டது.

நிலைக்கும் என்று நாம் நம்பும் படச்சுருள் மட்டும் என்ன செய்தது? 'மேனகா' படத்தின் பிரதியே இன்று கிடைப்பதில்லை. மேடையில் நடந்தவற்றை அவர் தாமே எழுத்தில் வடித்து, 1972இல் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலாகத் தந்தார். பாலர் சபைகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்நூலிலிருந்து வந்ததே.

1973 பிப்ரவரியில் அவர் காலமானார். சகோதரர்கள் பல்லாண்டு மேடையில் நடத்திவந்த 'ராஜராஜ சோழன்' நாடகம், அதே ஆண்டில் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. மேடையில் பகவதி தாங்கிய வேடத்தில் திரையில் சிவாஜி கணேசன் நடித்தார்.