ஒரு குவளைக் குளிர்காப்பியில் உறைந்திருக்கும் வரலாறு



வெயில் கொளுத்தும் பிற்பகலில் ஒட்டுக்கடையில் அமர்ந்து ‘கோப்பி ஐஸ்’ கேட்பது நமக்கு மிக இயல்பான செயல். சிங்கப்பூரில் இருப்போர் ‘கோப்பி பெங்’ என்பர். ‘பெங்’ என்பது ஹொக்கியான் சீனத்தில் பனிக்கட்டியைக் குறிக்கும் சொல். இப்பொழுது பல வீடுகளிலும் காப்பித்தூளைக் குளிர்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் வடித்துக் குடிக்கும் பழக்கம் பரவி வருகிறது. இளம் ஆசிரியர்கள் சிலர் அதனைப் போத்தலில் நிரப்பிப் பள்ளிக்கே கொண்டு வருகின்றனர்.

அந்தக் குவளையில் இருப்பவை இரண்டு. ஒன்று காப்பி, மற்றொன்று பனிக்கட்டி. இரண்டுமே இம்மண்ணில் தோன்றியவை அல்ல. இரண்டும் கடல்கடந்து வந்தவை. ஒன்று செல்வந்தரின் சுகத்திற்காக வந்தது. மற்றொன்று நம் முன்னோரின் முதுகில் ஏறி வளர்ந்தது. செய்முறையை அறிந்துகொள்ளும் நாம் இந்த வரலாற்றையும் சேர்த்தே அறிந்துகொண்டால் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல பாடம் கிடைக்கும்.

பனிக்கட்டி கப்பலேறிய கதை

குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் வெப்பமண்டல நாட்டு மக்களுள் பனிக்கட்டியைக் கண்ணால் கண்டோர் மிகச் சிலரே. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்னும் இளைஞருக்கு ஒரு விந்தையான எண்ணம் தோன்றியது. தம் ஊரில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்து கிடக்கின்றன. அதனை வெட்டி எடுத்து வெப்ப நாடுகளில் விற்றால் என்ன? 1806ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்ட்டினிக்கிற்கு ஒரு கப்பல் நிறையப் பனிக்கட்டியை அனுப்பினார். ஊரார் நகைத்தனர். முதல் முயற்சியில் அவருக்குக் கிடைத்தது இழப்பே.

எனினும் அவர் தளரவில்லை. மர அறுவை ஆலைகளில் வீணாகக் குவிந்து கிடந்த மரத்தூளைப் பனிக்கட்டியைச் சுற்றி அடைத்தால் அது உருகும் வேகம் வெகுவாகக் குறைவதைக் கண்டார். 1833ஆம் ஆண்டு மே மாதம் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது!

அடுத்து வந்தது சென்னை. அங்கே 1842இல் கடற்கரையோரம் பனிக்கட்டியைச் சேமித்து வைக்கவென்றே ஒரு கட்டடம் எழுந்தது. ‘ஐஸ் ஹவுஸ்’ என்று அப்பகுதியை இன்றும் சென்னை மக்கள் அழைக்கின்றனர். பனிக்கட்டி வணிகம் ஓய்ந்த பின்னர் அக்கட்டடம் கைமாறியது. 1897ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கி உரையாற்றினார். 1963இல் அது ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் பெற்றது. தமிழகம் செல்லும் நம்மவர் பலர் அதன்முன் நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். அமெரிக்கக் குளத்து நீர் கட்டியாக உறங்கிய இடம் அது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

சிங்கப்பூரில் 1854ஆம் ஆண்டு ‘வாம்போவா’ என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே என்னும் சீன வணிகர், ஆங்கிலேயப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து ஆற்றங்கரையில், இன்று கிளார்க் கீ எனப்படும் இடத்தில், பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றை அமைத்தார். அங்கும் பாஸ்டனிலிருந்தே சரக்கு வந்தது. வாங்கியோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் வசதி படைத்தோரும் ஆவர். வாங்குவோர் தொகை போதாமையால் அவ்வணிகம் தழைக்கவில்லை.

இங்கே சுவையான செய்தி ஒன்று உண்டு. டியூடர் 1830களில் காப்பியின் விலை ஏறும் என்று நம்பி ஊக வணிகத்தில் இறங்கினார். விலை சரிந்தது. இரண்டு இலட்சம் டாலருக்கும் மேலான கடன் அவர் தலையில் விழுந்தது. அதனைத் தீர்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குப் பெரிதும் கைகொடுத்தது கல்கத்தாவுக்குச் சென்ற பனிக்கட்டியின் ஆதாயமே. குவளையில் சந்திப்பதற்கு முன்னரே காப்பியும் பனிக்கட்டியும் ஒரு வணிகரின் கணக்கேட்டில் சந்தித்துவிட்டன!

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பனிக்கட்டியைச் செய்யும் ஆலைகள் ஆசியத் துறைமுக நகரங்களில் தோன்றின. கப்பலில் வந்த பனிக்கட்டியின் காலம் முடிந்தது. விலை இறங்கியது. கோணிச்சாக்கில் சுற்றிய பெரும் பாளங்களாகப் பனிக்கட்டி காப்பிக்கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

பால்மரத்திற்கு முன்பு காப்பிச்செடி

இனிக் காப்பியின் கதைக்கு வருவோம். “உங்கள் முன்னோர் இந்நாட்டிற்கு எதற்காக வந்தனர்?” என்று வகுப்பில் கேட்டால், “ரப்பர் மரம் சீவ வந்தார்கள், ஐயா” என்று மாணவர்கள் ஒரே குரலில் கூறுவர். அது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. கித்தாவிற்கு முன்னரே கரும்பும் காப்பியும் நம்மவரை இங்கு அழைத்து வந்துவிட்டன.

இதன் தொடக்கம் இலங்கையில் உள்ளது. அங்கே மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சென்றனர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் பலர் பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். 1869ஆம் ஆண்டு காப்பி இலைகளில் துருப்போன்ற ஒரு பூஞ்சை நோய் காணப்பட்டது. 1880களில் இலங்கைக் காப்பித் தொழில் நிலைகுலைந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

அந்நிலையில் இலங்கைத் தோட்ட முதலாளிகள் சிலர் புதுநிலம் தேடி மலாயாவுக்கு வந்தனர். சிலாங்கூர், சுங்கை ஊஜோங், பேராக் முதலிய இடங்களில் காடழித்துக் காப்பி பயிரிட்டனர். தாழ்நில வெப்பத்தைத் தாங்கும் லிபெரிகா வகையே இங்குப் பெரிதும் நடப்பட்டது. அம்முதலாளிகள் தாங்கள் இலங்கையில் பழகிய ஆள்சேர்க்கும் முறையையும் உடன் கொண்டு வந்தனர். அதுவே கங்காணி முறை. கரும்புத் தோட்டங்கள் ஒப்பந்தக் கூலி முறையைப் பெரிதும் சார்ந்திருக்க, காப்பித் தோட்டங்களின் வழியே கங்காணி முறை இந்நாட்டில் வேரூன்றியது. தோட்டப்புற வாழ்வின் அடித்தளமாகப் பின்னர் நாம் கண்ட அந்த அமைப்பு, பால்மரத்தின் நிழலில் தோன்றியதன்று. காப்பிச் செடிகளுக்கிடையே தோன்றியது.

1890களின் தொடக்கத்தில் காப்பி நல்ல விலைக்கு விற்றது. அப்பத்தாண்டு முடிவதற்குள் பிரேசில் நாட்டின் பெருவிளைச்சலால் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தது. இலைகளைத் தின்னும் புழுவும் சேர்ந்துகொண்டது. முதலாளிகள் மாற்றுப் பயிர் தேடினர். காப்பி பயிரிட வந்த கிண்டர்ஸ்லி உடன்பிறப்புகள் காஜாங்கிலுள்ள தங்கள் இன்ச் கென்னத் தோட்டத்தில் 1890களின் நடுவில் ரப்பர் கன்றுகளை நட்டது இவ்வாறுதான். காப்பி வரிசைகளுக்கு நடுவே ரப்பர் வளர்ந்தது. பின்னர்க் காப்பி வெட்டப்பட்டது. செடி மாறியது, உழைத்த கைகள் மாறவில்லை.

லிபெரிகா முற்றும் அழிந்துவிடவில்லை. இன்றும் மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி அவ்வகையே. ஜொகூர் மாநிலத்தில் அது பரவலாகப் பயிரிடப்படுகிறது.

இரண்டும் குவளையில் சேர்ந்தது

காப்பியைக் குளிர்ச்சியாகக் குடிப்பது நம் வட்டாரத்தின் கண்டுபிடிப்பு அன்று. 1840ஆம் ஆண்டு அல்ஜீரியாவின் மசக்ரான் கோட்டையில் பிரெஞ்சுப் படையினர் முற்றுகைக்கு உள்ளாயினர். அவ்வூரின் பெயராலேயே குளிர்நீர் கலந்த காப்பி ‘மசக்ரான்’ என்று பிரான்சில் வழங்கலாயிற்று. 1964இல் டாட் சிம்சன் என்னும் அமெரிக்க வேதிப் பொறியாளர் காப்பித்தூளைக் குளிர்நீரில் ஊறவைத்து வடிக்கும் வீட்டுக் கலம் ஒன்றை உருவாக்கினார். 2010களில் உலகெங்கும் பரவிய குளிர்வடிப்புக் காப்பிக்கு அது ஒரு முன்னோடி.

நம் காப்பிக்கடைகள் தமக்கென ஒரு வழியைக் கண்டன. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பர். நீண்ட துணி வடிகட்டியில் கெட்டியாக வடிப்பர். இனிப்புக் கெட்டிப்பால் சேர்த்துப் பனிக்கட்டியின்மேல் ஊற்றுவர். வீட்டிற்கு வாங்கிச் செல்வோருக்குக் காலிப் பால் டின்னில் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுத்ததை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

வீட்டில் செய்ய இரு வழிகள்

முதல்வழி, சூடாக வடித்துப் பனிக்கட்டியில் ஊற்றுவது. இதில் ஓர் அறிவியல் பாடமும் அடங்கியுள்ளது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகிய நீர் 5 பாகை வரை சூடேற மேலும் 5 கலோரி, ஆக 85. 90 பாகை வெப்பமுள்ள 100 கிராம் காப்பி 5 பாகைக்கு இறங்க 8,500 கலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். ஆகவே 100 கிராம் பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும். சரிக்குச் சரி! குவளையில் நீர் இரட்டிப்பாகிறது. எனவே வழக்கத்தைவிட இருமடங்கு கெட்டியாக வடித்தால்தான் சுவை நிற்கும். காப்பிக்கடைக்காரர் கணக்குப் போடாமலே இதனை அறிந்திருந்தார். நம் பாட்டிமார் பித்தளை வடிகட்டியில் இறக்கிய கெட்டி டிகாக்‌ஷனும் இதற்கு மிகப் பொருத்தம்.

இரண்டாம் வழி, குளிர்நீரில் ஊறவைப்பது. 100 கிராம் காப்பித்தூளுக்கு 800 மில்லிலிட்டர் குடிநீர் என்பது நல்ல அளவு. தூள் ரவைபோல் பருபருவென்று இருக்கவேண்டும். மாவுபோல் இருந்தால் வடிநீர் கலங்கும். மூடிய கண்ணாடிப் போத்தலில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் 12 முதல் 16 மணி நேரம் வைக்கவும். பின்னர் மெல்லிய வெள்ளைத்துணியில் பிழியாமல் வடிக்கவும். சூடான நீர் விரைந்து இழுக்கும் புளிப்பும் கசப்பும் குளிர்நீரில் குறைவாகவே இறங்குவதால் சுவை மென்மையாக இருக்கும். அருந்தும்போது அதே அளவு நீரோ பாலோ சேர்த்துக் கொள்ளலாம். மூன்று நான்கு நாள்களுக்குள் முடித்துவிடுவது நன்று.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். சுவை மென்மையாயிருப்பதால் வீரியமும் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். ஊறவைத்த கெட்டி வடிநீரில் காஃபீன் மிகுதி. சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். அவர்களுக்குக் கதை போதும்.

பெயரற்றவர்கள்

இக்கட்டுரையை இதுவரை படித்த நீங்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பனிக்கட்டி விற்றவரின் பெயர் வந்தது. அதனைச் சுமந்த கப்பலின் பெயர் வந்தது. கிடங்கு கட்டியவரின் பெயரும், தோட்ட முதலாளிகளின் பெயரும், தோட்டத்தின் பெயரும்கூட வந்தன. காப்பிக் கன்று நட்ட, பழம் பறித்த, மூட்டை சுமந்த தமிழர் ஒருவரின் பெயரேனும் வந்ததா? முதலாளிகள் கடிதமும் அறிக்கையும் எழுதி வைத்தனர். உழைத்தோருக்கு எழுத்து வாய்க்கவில்லை. அவர்களின் குரலைக் கேட்டவர்களும் இன்று இல்லை.

ஆனால் அவர்களுக்கு அடுத்து வந்த பால்மரக் காலத்து மூத்தோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகிவிட்ட இந்நாளில், தோட்டத்தின் பெயரும் லயத்தின் இருப்பிடமும் அவர்கள் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் வரலாறு கற்பிக்கும் நாம், மாணவர்களுக்கு ஓர் எளிய பணியைத் தரலாம். தாத்தா பாட்டியிடமோ, அவர்கள் இல்லையெனில் அக்கம்பக்கத்து முதியவரிடமோ மூன்று கேள்விகள் கேட்டு எழுதிவரட்டும்: எந்தத் தோட்டம்? என்ன பயிர்? உடன் உழைத்தவர்களின் பெயர்கள் யாவை?

நாற்பது மாணவர்கள் ஆளுக்கு ஐந்து பெயர் எழுதினால் இருநூறு பெயர்கள். பள்ளி நூலகத்தில் ஒரு குறிப்பேட்டில் அவை இடம்பெற்றால் போதும். அடுத்த தலைமுறை எழுதும் கட்டுரை இதைப்போல் வெறுமையாய் இராது.

ஆசிரிய நண்பர்களே, இந்தப் பள்ளித் தவணையிலேயே தொடங்குவோம். காலம் நமக்காகக் காத்திருக்காது.